வரப்பில் இரண்டு

சிறுமலையிலிருந்து இறங்கும் காற்றுக்கு
வாய்தா தேதி கிடையாது.
நெல் அறுத்த மெஷின் போன மறுநாளே வந்துவிட்டது.
வரிசை வரிசையாய்க் கிடந்த வைக்கலின்
ஓரத்தை முதலில் தூக்கிப் பார்த்தது,
சேலையின் முந்தியைத் தூக்கிப் பார்த்து
விலை கேட்காமல் நகர்கிறவள் மாதிரி.
இது நகரவில்லை.

உருளை கட்டும் வண்டிக்கு
ஐந்து நாளாகப் போன் போடுகிறேன்.
ஆத்தூர்க்காரப் பையன் லோகநாதன்
அலங்காநல்லூரில் நிற்கிறேன் என்பான்,
நீரேத்தானில் நிற்கிறேன் என்பான்,
நூல் தீர்ந்துவிட்டது என்பான்.
எனக்குள் கணக்கு ஓடும்:
ஏக்கருக்கு நாற்பது உருளை.
இன்றைக்கு முப்பத்தெட்டு.
இன்றைக்கு முப்பத்தைந்து.

பகலில் ஒரு பிடி எடுத்து முறுக்கினால்
அப்பளமாய் நொறுங்குகிறது.
இந்தப் பதத்தில் கட்டினால்
மாட்டுக்குத் தூசியைத்தான் போடவேண்டும்.
விடிகாலை நாலு மணிக்கு,
லேசாய்ப் பனி இறங்கியபின்,
அதே பிடி முறுக்கு வாங்குகிறது,
ஒடியாமல், கையில் ஈரம் ஒட்டாமல்.
அந்த ஒன்றரை மணி நேரம்தான் நமக்கு.
மும்முனைக் கரண்டும் அப்போதுதான் வரும்.
மேல் வயல் உளுந்துக்குத் தண்ணீர் கட்டவேண்டும்,
பூ கருகிக்கொண்டிருக்கிறது.
மருந்து தெளிக்கலாமென்றால்
காற்று அதை வாங்கி
என் முகத்திலேயே திருப்பித் தருகிறது.

ஆறாம் நாள் வண்டி வந்தபோது
வைக்கலில் கால்வாசி
தெற்கே அய்யங்காளை வயலில் கிடந்தது.

அவருக்கும் எனக்கும்
வாடிப்பட்டி கோர்ட்டில்
ஒன்றரை முழ வரப்பு ஒன்று
நாலு வருசமாய்ப் படுத்திருக்கிறது.
பேச்சில்லை. தண்ணீர் முறைகூட
மடைக்காரர் வழியாகத்தான்.
காற்றுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை போல.
சர்வேக் கல்லைத் தாண்டிப் போய்
அவர் வேலியோரம், கூலி கேட்காமல்,
என் வைக்கலை வாரிக் குவித்திருந்தது.

லோகநாதன் எதையும் கேட்கவில்லை.
என் வயலை முடித்துவிட்டு
வைக்கல் இருந்த பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பினான்.
வண்டி தின்றது, உறுமியது,
முதுகுப்பக்கம் திறந்து ஒவ்வொன்றாய்ப் போட்டது.

வரப்பில் டார்ச் வெளிச்சம்.
அய்யங்காளை. தலையில் துண்டு, வாயில் வேப்பங்குச்சி.
குச்சியை எடுத்துவிட்டு
வண்டியைப் பார்த்துச் சொன்னார்:
"தம்பி, அந்தம்மாட்டச் சொல்லு.
ஏம் பக்கம் கட்டுனது பதினொண்ணு.
எண்ணிட்டேன். அம்புட்டும் அவங்களுது."

நானும் எண்ணியிருந்தேன்.
"தம்பி, அவருட்டச் சொல்லுங்க.
என்னுது ஒம்பதுதான்.
கடைசி ரெண்டுல அடி வைக்கல் அவரு வயல்ல மிஞ்சுனது.
நெறமே வேற."

"நெறத்தக் கண்டாங்களாக்கும் இந்த இருட்டுல."

"அவரு போட்டது அம்பத்தொண்ணு, நான் போட்டது அக்சயா.
தொட்டாலே தெரியும்னு சொல்லுங்க."

ஒரு உருளைக்காக வெட்டிக்கொண்ட ஆட்களை
லோகநாதன் பார்த்திருப்பான்.
வேண்டாமென்று மல்லுக்கு நிற்பவர்களை
இப்போதுதான் பார்க்கிறான்.
இன்ஜினை அணைத்தான்.
"உருளைக்கு நாப்பது ரூவா.
யார் குடுத்தாலும் சரி, சீக்கிரம்.
வெயில் ஏறுனா அடுத்த வயலு பொடியாயிரும்."

என் கணக்குக்கு நான் கொடுத்தேன்.
மீதி இரண்டையும் தூக்கி
வரப்பின்மேல் வைத்துவிட்டுப் போனான்.
அவன் போனில் 'பாக்கி எண்பது' என்று ஏறியது.
பேர் போடவில்லை.

பங்குனி பிறந்துவிட்டது.
இரண்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன,
வக்கீல் வராத நாளில்
கோர்ட்டு வாசலில் காத்திருப்பவர்களைப்போல.
ஆடு ஒரு பக்கம் கடித்திருக்கிறது,
யார் வீட்டு ஆடு என்று நானும் கேட்கவில்லை.
ஒன்றில் நூல் அறுந்துவிட்டது.
காற்றும் திரும்பிவிட்டது; இப்போது தெற்கிலிருந்து.
தாள் தாளாய்ப் பிரிந்து
இந்தப் பக்கம் வருகிறது,
உளுந்துக்கு இடையில் விழுகிறது.

அக்சயாவா, அம்பத்தொண்ணா,
குனிந்து பார்க்கவில்லை.
கிடக்கட்டும். வேருக்கு மூடாக்கு.
நேற்றுப் பாய்ச்சிய ஈரம்
இன்னும் ஒருநாள் நிற்கும்.